யாருக்கு எழுதுவது?

பணி ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் சர்க்கரை, பென்ஷன், மூட்டுவலி மூன்றையும் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் மெதுவாக ஆரம்பிப்பார். “எனக்கும் ஏதாவது எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை சார். உக்காந்தா வரமாட்டேங்குது.” காலையில் என்னோடு நடக்க வருகிறவர்களில் மட்டும் இப்படி ஆசைப்படுகிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் தாசில்தாராக இருந்தவர். ஒருவர் தலைமையாசிரியர். இன்னொருவர் மின்வாரியம்.

இவர்களுக்குக் கிடைக்கிற ஆலோசனை எப்போதும் ஒன்றுதான். “நிறையப் படியுங்கள், எழுத்து தானாக வரும்.” இதைச் சொல்லாத எழுத்தாளர் இல்லை, புத்தகக் கண்காட்சி மேடை இல்லை. நானும் பல வருஷம் இதைக் கேட்டுத் தலையாட்டியவன்தான். இப்போது அறுபது வருஷம் படித்த அனுபவத்தில் சொல்கிறேன்: இது பாதி உண்மை. அதுவும் சின்னப் பாதி. படிப்பு எழுதக் கற்றுக்கொடுக்கும். எழுத உட்கார வைக்காது. சில சமயம் எழுந்து போகவும் வைத்துவிடும்.

முதலில் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மன்னார்குடி. எங்கள் ஊருக்கு நூலக விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. 1931-லேயே மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகம் எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்பியது. நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படுகிற எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். அவருடைய முயற்சியில்தான் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து வருவது அந்தச் சட்டத்தால்தான். ஆக, நம் தெருவுக்கு வந்த ஓசிப் புத்தகம் ஒன்றும் ஓசி இல்லை, அப்பா கட்டிய வரி.

ஆனால் நான் படிக்கக் கற்றது நூலகத்தில் இல்லை, பெரியம்மா வீட்டுத் திண்ணையில். பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை. அந்தக் காலத்தில் அதை ஆபரேஷன் செய்துகொள்ளப் பயப்படுவார்கள். எனவே நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொடர்கதை படித்துக் காட்ட வேண்டும். கூலி, இரண்டு முறுக்கு. பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்து, சேர்த்து, கட்டம் போட்ட காலிகோ அட்டையில் பைண்டு பண்ணிய தொடர்கதைகள் தெருவில் வீட்டுக்கு வீடு சுற்றும். உங்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். கதை ஒரு பக்கம், அதன் முதுகில் சோப்பு விளம்பரம். அட்டையைத் திறந்தால் பசை வாசனை.

‘பொன்னியின் செல்வன்’ அப்படித்தான் எங்களுக்கு வந்தது. கல்கி பத்திரிகையில் 1950 கடைசியில் தொடங்கி 1954 வரை மூன்றரை வருஷம் ஓடிய தொடர். மணியம் போட்ட படங்களோடு அதைக் கிழித்துச் சேர்த்து வைத்திருந்தவர் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர். பாவம், அவருக்கு எப்போதோ இரண்டு வாரம் பத்திரிகை கிடைக்கவில்லை. பைண்டுக்காரர் இருந்ததைத் தைத்துக் கொடுத்துவிட்டார். மூன்றாம் பாகத்தில் திடீரென்று ஒரு பள்ளம்.

நான் நிறுத்தினேன். பெரியம்மா, “ஏண்டா நிறுத்திட்ட?” என்றாள். இரண்டு வாரம் இல்லை என்றேன். “இல்லேன்னா? அந்த ரெண்டு வாரம் என்ன ஆச்சு?” என்றாள். முறுக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவளிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? வந்தியத்தேவனை எங்கள் பாமணியாற்றில் இறக்கி ஒரு ராத்திரி முழுக்க நீந்தவிட்டேன். கரையில் ஒரு குடியானவப் பாட்டி அவனுக்குக் கூழ் ஊற்றினாள். இரண்டு சாயங்காலம் அப்படி ஓட்டினேன். அப்புறம் நூலகத்தில் அந்தப் பாகம் கிடைத்தது. விடுபட்டதை ஒழுங்காகப் படித்துக் காட்டினேன். பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கல்கி என்னமோ சொல்றார், சொல்லட்டும். நீ சொன்ன ஆறு நன்னா இருந்தது” என்றாள்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்கி எங்கே, முறுக்குக்குக் கதை விட்ட பையன் எங்கே. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றை. அதுவரை நான் படித்த அவ்வளவு அத்தியாயங்களும் என்னை ஒரு வரிகூடச் சொந்தமாகச் சொல்ல வைக்கவில்லை. புத்தகத்தில் இல்லாமல் போன இரண்டு வாரமும், அது என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மனுஷியும்தான் சொல்ல வைத்தன.

பிற்பாடு வேலைக்கு வந்த பிறகு நேர்மாறான அனுபவமும் கிடைத்தது. ஆர்.எம்.எஸ்.ஸில் எனக்கு மெயின் லைன். எழும்பூரில் ராத்திரி கிளம்பி விழுப்புரம், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி. அஞ்சல் பெட்டியில் நின்றபடியே தபால் பிரிக்கிற வேலை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை விடியற்காலையில் கும்பகோணத்தைக் கடப்பேன். பிளாட்பாரத்தில் பனி, பால் கேன்கள், வெற்றிலைக் கூடைகள். இதை எழுதினால் என்ன என்று ஒரு ஆசை வந்து, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ஏழெட்டுப் பக்கம் எழுதினேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு நண்பர் தி.ஜானகிராமனின் ‘மோகமுள்’ளைக் கையில் கொடுத்தார். மூன்று நாளில் முடித்தேன். நோட்டை எடுத்துப் பரணில் போட்டேன். கும்பகோணத்தை அவர் அப்படி எழுதிவிட்ட பிறகு நான் பால் கேனைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது?

நல்ல எழுத்து நம்மைத் திருப்திப்படுத்திவிடுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டவன் அடுப்பு மூட்டுவானா? இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. படித்து நிறைவது ஒரு முழு வாழ்க்கை. எழுதாத வாசகன் யாருக்கும் குறைந்தவன் இல்லை என்பது என் கட்சி. ஆனால் எழுதவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவரிடம் போய் இன்னும் பத்து மகத்தான நாவல் படியுங்கள் என்று சொல்வது, அவர் வாயை இன்னும் நன்றாக அடைக்கிற வேலை.

என்னைக் கேட்டால் சுமாரான கதைகள்தான் எழுத்தாளர்களை அதிகம் உண்டாக்கியிருக்கின்றன. வாரப் பத்திரிகையில் ஒரு மட்டமான சிறுகதையைப் படித்துவிட்டு, “இதைப் போட்டிருக்கானே, நான் எழுதினா என்ன?” என்று பேனாவைத் திறந்தவர்கள் நம் தலைமுறையில் எத்தனை பேர்! அதுவும் ஒரு உந்துதல்தான். கோபமும் கொஞ்சம் பொறாமையும். ஆனால் அது இரண்டு கதைக்கு வரும், மூன்றாவதற்குத் தீர்ந்துவிடும்.

அப்படியானால் தீராதது எது? இங்கேதான் என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் உலகத்தில் எல்லாமே விலாசம். ஊர் ஊராக, எந்தக் கிளை அஞ்சலகம் எந்தத் துணை அஞ்சலகத்தின் கீழ், அது எந்தத் தலைமை அஞ்சலகத்தின் கீழ், எந்தப் பையில் போக வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டும். இதற்குத் தேர்வே உண்டு. பின்கோடு 1972-ல் வந்தது. ஆனால் மக்கள் அதை எழுதப் பழக வருஷக்கணக்கில் ஆயிற்று. நான் சேர்ந்த காலத்தில் ‘காளி கோயிலுக்கு வடக்கே, வேப்பமரத்து வீடு’ என்று மட்டும் எழுதி, ஊர்ப்பேரையே விட்டுவிட்ட கடிதமெல்லாம் கைக்கு வரும். முத்திரையைப் பார்ப்போம், எந்த ஊரில் போட்டது என்று. பக்கத்து ஊராக இருக்குமோ என்று யோசிப்போம். ஒன்றும் தேறாவிட்டால் ஆர்.எல்.ஓ. என்கிற திரும்பிய கடிதங்களின் அலுவலகத்துக்குப் போய்விடும். உள்ளே எவ்வளவு அருமையாக எழுதியிருந்தாலும் சரி. மேலே விலாசம் இல்லாவிட்டால் அது நகராது.

எழுத்தும் அப்படித்தான் என்பது என் துணிபு. ‘எனக்கு உந்துதல் இல்லை’ என்று சொல்கிறவரிடம் நான் கேட்பது, ‘யாருக்கு எழுதப் பார்த்தீர்கள்?’ என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. அல்லது, ‘பொதுவாகத்தான்’ என்று வரும். பொதுவாக என்பது ஊர்ப்பேர் இல்லாத வேப்பமரத்து வீடு.

நம் எழுத்தாளர்களையே பாருங்கள். இடைசெவல் என்று கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரே காலத்தில் பிறந்து, ஒன்றாகச் சுற்றி வளர்ந்தவர்கள் கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும். அழகிரிசாமி சென்னைக்குப் போனார், அங்கிருந்து மலாயாவுக்குப் போய்ப் பத்திரிகையில் வேலை பார்த்தார். கி.ரா. ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே கடிதங்கள் ஓடின. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. மழைக்குத்தான் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்கியதாகத் தன்னைப் பற்றிக் கேலியாகச் சொல்லிக்கொண்ட கி.ரா., கதைகள் வெளியிட ஆரம்பித்தது 1950-களின் கடைசியில், முப்பது வயதைத் தாண்டிய பிறகு. அவருடைய உரைநடையைப் படித்தால் யாரோ ஒரு சிநேகிதரிடம் சொல்கிற மாதிரியே இருக்கும். பின்னால் பத்திரிகையில் தொடர் எழுதும்போதும் அதற்கு ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்றுதான் பெயர் வைத்தார். அவர் கதை எழுதப் பழகிய பயிற்சிக்கூடம் அந்தக் கடுதாசிகள்தான் என்பது என் ஊகம். 2021-ல் புதுச்சேரியில் காலமாகும் காலம் வரை அவர் கை ஓயவில்லை.

மு.வ.வை நம் தலைமுறையில் படிக்காதவர் கிடையாது. ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்று புத்தகப் பெயர்களிலேயே விலாசம் எழுதி வைத்தார். கல்யாண வீடுகளில் அந்தப் புத்தகங்கள் பரிசாகப் போன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அரசியலில் அண்ணா தம்பிக்கு எழுதினார், கலைஞர் உடன்பிறப்புக்கு எழுதினார். கொள்கை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், அது வேறு. அவ்வளவு கூட்டம், அவ்வளவு பயணம், அவ்வளவு வழக்குகளுக்கு நடுவில் ஒரு மனிதர் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டே இருக்க முடிந்ததே, அது எப்படி? எதிரே ‘தம்பி’ உட்கார்ந்திருந்தான். நேரு 1930-லிருந்து 1933 வரை சிறைக்குள் இருந்தபடி மகளுக்கு 196 கடிதங்கள் எழுதினார். அதுதான் உலக சரித்திரப் புத்தகமாயிற்று. உலகச் சரித்திரம் எழுதப்போகிறேன் என்று உட்கார்ந்திருந்தால் குறிப்புதவி நூல்கள் இல்லையே என்ற ஒரே காரணத்தால் முதல் அத்தியாயத்திலேயே நிறுத்தியிருக்கலாம். பெண்ணுக்குக் கடிதம் எழுத நூலகம் வேண்டாம்.

கல்கிக்கு மகள், தம்பி யாரும் வேண்டியிருக்கவில்லை. அவருக்கு வாரம் இருந்தது. அடுத்த இதழ் அச்சுக்குப் போக வேண்டும், ஊர் ஊராக வாசகர்கள் ஏஜென்ட் கடை வாசலில் காத்திருப்பார்கள். அதுவும் ஒரு விலாசம்தான், கொஞ்சம் பெரிய விலாசம். உடம்பு முடியாமல் இருந்தபோதும் எழுதினார். ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த அதே 1954-ல் அவரும் போய்விட்டார். நடுவில் நின்ற ‘அமர தாரா’வை அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்துக்கொடுத்தார்.

இப்படிச் சொன்னதும் எங்கள் தலைமையாசிரியர் மடக்கினார். “மௌனி யாருக்கு எழுதினார்?” நல்ல கேள்வி. மௌனி மொத்தமே இருபத்துநாலு கதைகள் எழுதியவர். யாருக்காகவும் எழுதினவராகத் தெரியவில்லை. தனக்குள்ளேயே பேசிக்கொள்கிற மாதிரிதான் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் உண்டு, அவர்களுக்கு என் யோசனை எதுவும் தேவையில்லை. ஆனால் நம்மில் யார் மௌனி? பேரன் பள்ளி வேன் வருவதற்குள் நாலு வரி எழுதப் பார்க்கிறவர்கள் நாம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். யாரோ காத்திருக்கிறார்களே என்று எழுதினால் எழுத்து நீர்த்துப்போகும், வாராந்தரித் தொடர்கள் இழுத்தடித்துக் கெட்டுப்போனது அதனால்தானே என்று. ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாரம் முழுக்கக் கதாநாயகி மாடிப்படி இறங்கிக்கொண்டே இருந்த தொடர்களை நானும் காசு கொடுத்து வாங்கிப் படித்திருக்கிறேன். அது பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதுகிறவருடைய தொல்லை. ஒரு வரியும் எழுத வராமல் இருக்கிற நமக்கு, அதிகம் எழுதி நீர்த்துப்போகும் ஆபத்து இப்போதைக்கு இல்லை.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருஷம் நான் ஒரு பக்கத்தையும் முழுசாக முடிக்கவில்லை. நேரத்துக்குக் குறைவில்லை. மேஜை, நல்ல விளக்கு, மகன் வாங்கிக்கொடுத்த பேனா எல்லாம் இருந்தன. ‘ஆர்.எம்.எஸ். நினைவுகள்’ என்று தலைப்பும் எழுதி, அடியில் கோடும் போட்டு வைத்திருந்தேன். அந்த ஆறு வருஷத்தில் படித்ததோ ஏராளம். திருச்சி மாவட்ட மைய நூலகத்தில் என்னைத் தெரியாத ஊழியர் கிடையாது. படிக்கப் படிக்க அந்தத் தலைப்பு இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

என்னோடு ஒரே செட்டில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் ஒருவர். எனக்கு ஆறு வயது மூத்தவர். கதை சொன்னால் ரயில் சத்தம் கேட்காது, அப்படிச் சொல்வார். கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறினால் கதையை நிறுத்திவிடுவார். பாலம் முடிந்ததும், விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். விலாசத்தைப் பார்த்தே இது கல்யாணக் கடிதம், இது கடன்காரன் கடிதம் என்று சொல்வார். பிரித்துப் பார்க்க மாட்டோம், அது எங்கள் தர்மம். ஆனால் கையெழுத்தும் ஒட்டிய விதமும் பேசும் என்பார். ஒரு வரி எழுதாமல் போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தவர் கேட்டார். “தம்பி, முப்பத்தொரு வருஷம் ராத்திரி ராத்திரி ரயிலுக்குப் போனார். அங்க என்னதான் பண்ணுவார்? நானும் கேட்டதில்லை, அவரும் வீட்ல வேலையைப் பத்திப் பேசமாட்டார். வந்ததும் தூங்குவார். எனக்கு அவரோட ராத்திரியே தெரியாது.”

அத்தனை கதை சொன்ன மனுஷன் வீட்டில் வாயே திறக்கவில்லை! நான் அங்கேயே ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முதல் வாக்கியம் வந்துவிட்டது: ‘அண்ணி, வண்டி எழும்பூரிலிருந்து கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நாங்கள் பெட்டிக்குள் போய்விடுவோம்.’

அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். பைகளை எப்படி அவிழ்த்துக் கொட்டுவோம், புறாக்கூடு மாதிரி அறைகளில் கடிதங்களை எப்படி வீசுவோம், அரக்கு எப்படி உருக்குவோம், அது சட்டையில் தெறித்தால் எப்படிப் போகாது, நள்ளிரவில் முத்திரையின் தேதியை மாற்றுவது யார், விழுப்புரத்தில் டீக்கு இறங்கும்போது அண்ணன் துண்டை எப்படித் தலையில் கட்டிக்கொள்வார். நாலு ராத்திரியில் பதினொரு பக்கம். ஓரிடத்திலும் பேனா நிற்கவில்லை. தி.ஜா. ஞாபகமே வரவில்லை. கும்பகோணத்துப் பால் கேன் கூட உள்ளே வந்துவிட்டது, நான் கூப்பிடாமலேயே. அண்ணிக்குப் பால் கேனைச் சொல்லாமல் விட முடியாது, அண்ணன் அதில்தான் காலை ஊன்றிக்கொண்டு பீடி பற்றவைப்பார்.

இதை வேறு யாருக்காக எழுதியிருந்தாலும் இப்படி வந்திராது. ‘வாசகர்களுக்கு’ என்று எழுதியிருந்தால் ஆர்.எம்.எஸ்.ஸின் வரலாற்றில் ஆரம்பித்திருப்பேன். பிரிட்டிஷ்காரன் காலம், முதல் ரயில் என்று இரண்டு பக்கம் ஓடி, மூச்சு வாங்கி நின்றிருக்கும். அண்ணிக்கு அதெல்லாம் வேண்டாம். எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று அவர் முகமே எனக்குத் தீர்மானித்துக் கொடுத்தது. நடை, வடிவம், தொடக்கம் என்று எழுத்துப் பயிலரங்கில் இரண்டு நாள் வகுப்பெடுக்கிறார்கள். நான் ஒன்றுக்குப் போயும் இருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருந்தது. அங்கே சொன்னதில் முக்கால்வாசியை, யாருக்கு எழுதுகிறோம் என்பது தெரிந்தாலே கை தானாகச் செய்துவிடுகிறது.

தபாலில்தான் அனுப்பினேன். பதில் கார்டு வந்தது, பென்சிலில் எழுதி. இரண்டே கேள்வி. அவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை எந்த ஊர் தாண்டிச் சாப்பிடுவார்? அதை யாருக்காவது கொடுப்பாரா? அதற்குப் பதில் எழுதப்போய் இன்னொரு ஒன்பது பக்கம் ஆயிற்று, ஏனென்றால் கொடுப்பார், யாருக்குக் கொடுப்பார் என்பது ஒரு தனிக் கதை.

அந்த விதமாகத்தான் என் ‘நினைவுகள்’ இன்று நூற்றுச் சொச்சம் பக்கத்தில் நிற்கின்றன. கோடு போட்ட தலைப்பைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது கடிதம் எழுதுகிறவர் அருகிவிட்டார்கள். தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது. மெயின் லைனில் நான் நின்ற பெட்டியும் இல்லை. வாட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. காலையில் எனக்கு வருகிற பூக்கொத்துகளை அடுக்கினால் ஸ்ரீரங்கத்துக்கு ஒரு வாரம் மாலை கட்டலாம். ஆனால் அதில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. யாரோ எழுதியதை யாரோ அனுப்ப, நாம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். நம் வயதுக்காரர்களிடம் எழுத்து வராமல் போனதற்குப் படிப்புக் குறைந்ததை எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். கேள்வி கேட்கிறவர்கள் குறைந்துபோனதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகள் கேட்பார்கள் என்று காத்திருந்து பயனில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை. நாமும் நம் அப்பாவிடம் எதைக் கேட்டோம்?

வயதைக் காரணம் சொல்கிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். ‘எழுத்து’ பத்திரிகையை 1959-லிருந்து 119 இதழ்கள் நடத்தி, புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்ற சி.சு.செல்லப்பா, ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று பாக நாவலை வெளியிட்டது 1997-ல். அப்போது அவருக்கு 85 வயது. அடுத்த வருஷம் காலமானார். சாகித்ய அகாதெமி விருது 2001-ல்தான் வந்தது. சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர் அவர். அதை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் மனதில் இருந்த முகம் எது என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஒரு முகமும் இல்லாமல் அந்த வயதில் மூன்று பாகம் எழுத முடியும் என்று நான் நம்பவில்லை.

போன வாரம் நடந்துகொண்டிருக்கும்போது எங்கள் தாசில்தார், “உங்களுக்கு ஒரு அண்ணி கேட்டாங்க. என்னை யார் சார் கேட்கிறாங்க?” என்றார். “நான் கேட்கிறேன்” என்றேன். அவர் தாலுகா ஆபீஸில் சேர்ந்தபோது பரம்பரைக் கர்ணங்கள் இருந்த காலம். 1980-ல் எம்.ஜி.ஆர். ஒரே நாளில் அந்தப் பதவிகளை எடுத்துவிட்டார். அப்போது அடங்கலும் சிட்டாவும் எந்தெந்த வீட்டு மரப்பெட்டியில் இருந்தன, அவற்றை எப்படி வாங்கி வந்தார்கள், எந்தக் கர்ணம் அழுதார், எவர் கதவைச் சாத்தினார், எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும். என் மாமனார் ஊர்க் கர்ணம் ஒருவர் கணக்குப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து வாங்கப் போனவர் கதை எனக்குத் தெரியாது. எனக்கே எழுதுங்கள், விலாசம் இருக்கிறதல்லவா என்றேன்.

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அப்புறம், “ஒருத்தர் வீட்ல பெட்டியைத் தூக்கும்போது அந்தம்மா குங்குமம் வச்சு அனுப்பினாங்க சார்” என்றார். அதில் ஆரம்பியுங்கள் என்றேன். தை பிறக்கட்டும் என்றார். இப்போது ஆவணிதான் நடக்கிறது. ஒரு கார்டு வாங்கி, ‘பெட்டி என்ன ஆயிற்று?’ என்று மட்டும் எழுதி அவர் வீட்டுக்குப் போட்டிருக்கிறேன்.